நாற்பது மில்லிமீட்டர்: குண்டின் அளவும் பீரங்கியின் விதியும்

படைக்கல வரலாறு – இயல் 9

இயந்திரத் துப்பாக்கிக்கும் பீரங்கிக்கும் நடுவே, இரண்டின் இயல்பையும் பாதிப்பாதியாகக் கொண்ட ஒரு படைக்கலம் உண்டு. விசையை அழுத்திப் பிடித்திருக்கும் வரை தோட்டாவைத் தானே ஏற்றிச் சுட்டு, வெற்றுறையை வெளியே தள்ளி, அடுத்ததையும் ஏற்றிக்கொள்வதில் அது இயந்திரத் துப்பாக்கியை ஒத்தது. வீசுவது திண்மமான ரவையாக இல்லாமல், வயிற்றில் வெடிபொருள் அடைக்கப்பட்டு, இலக்கைத் தொட்டதும் சிதறும் குண்டாக இருப்பதில் பீரங்கியை ஒத்தது. தானியங்கிப் பீரங்கி எனப்படும் இவ்வகையில் குழலின் உள்விட்டம் பெரும்பாலும் 20 மி.மீ. முதல் 57 மி.மீ. வரை அமைவதால், படைத்துறையினர் இதனை நடுத்தர விட்டப் பீரங்கி என்ற பிரிவில் வைக்கின்றனர். அப்பிரிவில் மிக நீண்ட ஆயுள் கண்டதும், மிகப் பல நாடுகளில் வார்க்கப்பட்டதும், ஒரு முறை காலாவதியானதாகக் கருதப்பட்டுப் பின்னர் மீண்டும் உயிர் பெற்றதுமான சுவீடனின் 40 மி.மீ. போஃபர்ஸ் பீரங்கியே இந்த இயலின் பொருள்.

போஃபர்ஸ் என்ற பெயரைக் கேட்டதும் இந்திய வாசகரின் நினைவுக்கு வருவது 1986ஆம் ஆண்டின் ஒப்பந்தமும், 155 மி.மீ. ஹோவிட்சர் பீரங்கிகளும், அவற்றையொட்டி எழுந்த அரசியல் புயலுமேயாகும். அதே நிறுவனம் அதற்கு அரை நூற்றாண்டு முன்னரே உருவாக்கிய இந்தச் சிறிய பீரங்கி இந்தியப் படையில் ஹோவிட்சருக்கு முன்பே இடம் பிடித்துவிட்டது; ஆயினும் அதன் வரலாறு பொதுவாசகரிடையே பேசப்பட்டதில்லை. அவ்வரலாற்றைக் குழலின் வரலாறாகவும் விசைப்பொறியின் வரலாறாகவும் எழுதுவதே வழக்கம். ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் பீரங்கியின் தகுதியை முடிவு செய்தது அது வீசிய குண்டு எவ்வளவு பெரியது, அதற்குள் எதனை அடக்க முடிந்தது என்ற கேள்வியே என்பதைச் சான்றுகள் காட்டுகின்றன.

இவ்வகைக் குண்டின் அளவை முதன்முதலில் வரையறுத்தவர்கள் அரசதந்திரிகள். 1868ஆம் ஆண்டில் ரஷ்யப் பேரரசின் அழைப்பின் பேரில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் கூடிய அரசுகள், மனித உடலில் புகுந்து வெடிக்கும் ரவைகள் போரின் நோக்கத்திற்குத் தேவையற்ற வேதனையை விளைவிப்பவை என்று கருதி, 400 கிராமுக்குக் குறைந்த எடையுள்ள வெடிக்கும் எறிபொருள்களைத் தங்களுக்குள் நிகழும் போர்களில் பயன்படுத்துவதில்லை என்று உறுதி ஏற்றன. இந்த வரம்புக்குச் சற்று மேலே நிற்கும் வசதியான எடை ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 454 கிராம். அந்த எடையில் ஒரு குண்டை அக்கால வடிவமைப்பில் வார்த்தால் அதன் விட்டம் 37 மி.மீ. அளவில் வந்து நிற்கும். பல குழல்களைக் கைப்பிடியால் சுழற்றிச் சுடும் ஹாட்ச்கிஸ் பீரங்கி 1870களில் இந்த விட்டத்தையே ஏற்றது. பின்னர் ஹிராம் மாக்சிம் தமது இயந்திரத் துப்பாக்கியை அதே குண்டுக்கேற்பப் பெரிதாக்கியபோது, உலகின் முதல் உண்மையான தானியங்கிப் பீரங்கி தோன்றியது. 1899இல் தொடங்கிய தென்னாப்பிரிக்கப் போரில் போயர்கள் இதனைப் பிரித்தானியப் படைகளின் மீதே திருப்பியதும், அதுவரை இதில் அக்கறை காட்டாத பிரித்தானியத் தரைப்படை அவசர அவசரமாகத் தனக்கும் வாங்கிக்கொண்டதும் அப்போரின் முரண்களுள் ஒன்று. சுடும் ஓசையைக் கொண்டு வீரர்கள் இட்ட ‘பாம்-பாம்’ என்ற பெயர், பிரித்தானியக் கடற்படையில் பிற்காலத்து 40 மி.மீ. பீரங்கிக்கும் ஒட்டிக்கொண்டது.

முதல் உலகப் போரில் விமானம் ஒரு போர்க்கருவியாக வளர்ந்தபோது 400 கிராம் வரம்பு நடைமுறையில் மதிப்பிழந்தது. விமானத்தில் ஏற்றக்கூடிய அளவுக்கு இலேசான பீரங்கி வேண்டுமானால் குண்டும் சிறிதாக வேண்டும் என்ற தேவையில், ஜெர்மனியில் பெக்கர் 20 மி.மீ. பீரங்கி பிறந்தது. தோல்விக்குப் பின் வெர்சாய் உடன்படிக்கை ஜெர்மனியின் படைக்கல உற்பத்தியை முடக்கியதால், அதன் காப்புரிமைகள் சுவிட்சர்லாந்துக்கு இடம்பெயர்ந்து, 1924இல் சூரிக் நகரையொட்டிய ஓர்லிகான் நிறுவனத்தின் கைக்கு வந்தன. ஓர்லிகானின் கதை தனி இயலுக்குரியது. அந்த உடன்படிக்கை படைக்கலத் தொழில்நுட்பத்தை ஒழிக்காமல் நடுநிலை நாடுகளுக்கு நகர்த்தியது என்பதையும், சுவிட்சர்லாந்து 20 மி.மீ. வழியைப் பற்றிக்கொண்ட அதே காலத்தில் சுவீடன் அதன் இரு மடங்கு விட்டத்தைத் தேர்ந்தது என்பதையும் மட்டும் இங்கு குறித்துக்கொண்டால் போதும்.

சுவீடனின் கடற்படை 1922இல் விக்கர்ஸ் நிறுவனத்தின் 40 மி.மீ. பாம்-பாம் பீரங்கிகள் சிலவற்றை விமான எதிர்ப்புக்காக வாங்கியிருந்தது. அவற்றின் குண்டு மெதுவாகப் பறந்தது; விரைவாக நகரும் இலக்கை நோக்கி மெதுவாகப் பறக்கும் குண்டை எய்யும்போது, விமானம் எங்கே இருக்கும் என்ற ஊகத்தின் பிழை பறக்கும் நேரத்தோடு சேர்ந்து பெருகும். எனவே 1928இல் அக்கடற்படை கார்ல்ஸ்கூகா நகரின் போஃபர்ஸ் நிறுவனத்திடம் புதிய பீரங்கி ஒன்றைக் கேட்டது. டைனமைட்டைக் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் நோபல் தம் வாழ்வின் இறுதி ஆண்டுகளில் உரிமையாளராக இருந்த நிறுவனம் அது. வெர்சாய்க் கட்டுப்பாடுகளுக்கு வெளியே தன் ஆய்வைத் தொடர விரும்பிய ஜெர்மனியின் குருப் நிறுவனம் இக்காலத்தில் அதன் பங்குகளில் மூன்றில் ஒரு பகுதியை வாங்கி வைத்திருந்தது.

40 மி.மீ. என்ற தேர்வின் பின்னணியை உணர, அக்காலத்து வான்பாதுகாப்பில் இருந்த ஓர் இடைவெளியைக் காண வேண்டும். 75 மி.மீ. முதல் 130 மி.மீ. வரையிலான கனரகப் பீரங்கிகள், குறித்த நொடியில் வெடிக்குமாறு முன்கூட்டியே திருகி வைக்கப்பட்ட குண்டுகளை மிக உயரத்தில் பறக்கும் விமானங்களை நோக்கி எய்தன. தாழ்ந்து விரைந்து வரும் விமானத்தின் பின்னே சுழல அவற்றின் உடல் இடம் தரவில்லை. மறுமுனையில் நின்ற இயந்திரத் துப்பாக்கிகளின் ரவை ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்குள் வலுவிழந்தது. இவ்விரண்டுக்கும் இடையில், தலைகீழாகப் பாய்ந்து குண்டு வீசும் விமானத்தை அது குண்டை விடுவிப்பதற்கு முன்பே இரண்டு மூன்று கிலோமீட்டர் தொலைவில் தாக்கவும், ஒரே குண்டு பட்டாலும் வீழ்த்தவும் வல்ல ஒன்று தேவைப்பட்டது. அந்தத் தொலைவில் ஒரே அடியில் விமானத்தின் சிறகை முறிக்க ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள குண்டு வேண்டும். அதற்கு மேல் எடை கூடினால் நிமிடத்திற்கு நூற்றுக்கு மேல் சுடும் வேகம் கைகூடாது. அந்தச் சமரசத்தின் பெயரே 40 மி.மீ.

சமரசத்தைத் தாளில் வரைவது எளிதாக இருந்தது, உருக்கில் வடிப்பது எளிதாக இல்லை. குண்டும் உறையும் உந்துமருந்தும் சேர்ந்த ஒரு முழுத் தோட்டா இரண்டு கிலோவுக்கு மேல் எடை கொண்டது. அதனைத் தாங்கும் வலிமையுள்ள ஏற்றுபொறி விரைவாக அசையாத அளவுக்குக் கனத்தது, விரைவாக அசையுமாறு இலேசாக்கினால் முறிந்தது. 1929ஆம் ஆண்டுச் சோதனைகள் இந்த முட்டுச்சந்தில் வந்து நின்றபோது, சுட்ட பின் உறையை வெளியே எடுக்கும் வேலையையே ஒழித்துவிடலாம் என்று கருதிய பொறியாளர்கள், உந்துமருந்தோடு சேர்ந்து எரிந்துவிடும் துத்தநாக உறையைச் செய்து பார்த்தனர். எரிந்த துத்தநாகம் குழலின் உட்சுவரில் படிந்து அடைத்ததால் அம்முயற்சி கைவிடப்பட்டது. 1930ஆம் ஆண்டுக் கோடையில்தான் வழி திறந்தது. தோட்டாவைக் கடைசி வரை பிடித்துக்கொண்டு போய் வைக்கும் பழைய முறையை விட்டு, வெற்றுறையைப் பின்பக்கமாக வீசி எறிந்து, புதிய தோட்டாவையும் திறந்திருக்கும் குழலின் பின்வாய்க்குள் அப்படியே எறிந்து செலுத்தும் பொறியை விக்டர் ஹம்மார் தலைமையிலான வடிவமைப்பாளர்கள் அமைத்தனர். 1931 நவம்பரில் முன்மாதிரி இரண்டு மூன்று குண்டுகளைத் தொடர்ச்சியாகச் சுட்டது. ஆண்டு முடிவதற்குள் அது நிமிடத்திற்கு 130 என்ற வேகத்தை எட்டியது. உற்பத்திக்கேற்ற வடிவம் 1933இல் நிறைவுற்றது. குழலின் நீளம் விட்டத்தைப் போல் ஏறத்தாழ 56 மடங்குதான் என்றாலும், முழு எண்ணாக்கி எல்/60 என்று அழைக்கும் வழக்கம் நிலைத்துவிட்டது.

பொறியின் இயக்கத்தைச் சுருங்கக் கூறுவதாயின், சுட்டதும் ஏற்படும் பின்னுதைப்பில் குழல் பின்னோக்கி நகர்கிறது. அந்த நகர்வின் ஆற்றலே பின்வாயை மூடிய உருக்குக் கட்டையைக் கீழே இறக்கி, வெற்றுறையை உருவி எறிந்து, ஏற்றுபொறியின் சுருள்வில்லை இறுக்குகிறது. குழல் முன்னே திரும்பியதும் வில் விடுபட்டு அடுத்த தோட்டா உள்ளே பாய்கிறது. நான்கு நான்காகக் கோக்கப்பட்ட தோட்டாக்களை ஏற்றுவீரர் மேலிருந்து கையால் இட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மின்விசையோ வெளி இயந்திரமோ இல்லாமல், மனிதக் கைகள் ஓயாத வரை பீரங்கியும் ஓயாது என்ற இந்த எளிமை, சேற்றிலும் பனியிலும் கப்பல் தளத்திலும் அதனை ஒருபோல் நம்பத்தக்கதாக்கியது.

குண்டின் அமைப்புதான் இதனினும் நுட்பமானது. ஏறத்தாழ 900 கிராம் எடையுள்ள அது நொடிக்கு 850 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் குழல்வாயை விட்டுப் புறப்பட்டது. அமெரிக்கக் கடற்படை பயன்படுத்திய வகையில் டி.என்.டி. வெடிபொருளின் பங்கு ஏறத்தாழ 68 கிராம் மட்டுமே; மீதி எடை உருக்குச் சுவருக்குரியது, ஏனெனில் குழலுக்குள் கிடைக்கும் அதிர்ச்சியைத் தாங்கச் சுவர் தடித்திருக்க வேண்டும். இந்த 68 கிராம் அற்பமாகத் தோன்றலாம், ஆனால் ஓர்லிகானின் 20 மி.மீ. குண்டு மொத்தமே ஏறத்தாழ 123 கிராம் எடை கொண்டது என்பதையும், அதில் வெடிபொருள் 11 கிராம் அளவிலேயே இருந்தது என்பதையும் அருகில் வைத்துப் பார்த்தால், விட்டம் இரு மடங்கானால் அடங்கும் பொருள் அதனினும் பன்மடங்கு பெருகுகிறது என்ற வடிவியல் உண்மை விளங்கும். மூக்கில் வெடிதூண்டி, அதாவது குண்டை உரிய தருணத்தில் வெடிக்கச் செய்யும் சிறு கருவி, பொருத்தப்பட்டிருந்தது. அது குழலுக்குள் இருக்கும்போது உறங்கிக் கிடக்க வேண்டும். குண்டின் சுழற்சியால் விழித்து, மெல்லிய விமானத் தோலில் பட்டாலும் உடனே செயல்பட வேண்டும். அடியில் எரிந்துகொண்டே செல்லும் ஒளிச்சுவடு குண்டின் பாதையைச் சுடுபவருக்குக் காட்டியதோடு, மற்றொரு கடமையையும் ஆற்றியது: இலக்கைத் தவறவிட்ட குண்டு தன் சொந்த ஊரின் மீதோ பக்கத்துக் கப்பலின் மீதோ விழுந்து வெடித்துவிடாதபடி, ஒளிச்சுவடு எரிந்து முடிந்ததும் அதன் தீ வெடிபொருளைப் பற்றிக் குண்டை வானிலேயே அழித்தது. நகரங்களின் நடுவே நிறுத்தப்படும் பீரங்கிக்கு இந்தத் தன்னழிவு ஏற்பாடு இன்றியமையாதது.

பணம் கொடுத்து வாங்கியவர்களில் முன்னணியில் நின்றது நெதர்லாந்து. 1934இல் டெ ரெய்டர் என்ற போர்க்கப்பலுக்காக அது இரட்டைக் குழல் பீரங்கிகளைக் கேட்டது. கப்பலின் ஆட்டத்தை ஈடுசெய்து குறியை நிலைநிறுத்தும் ஹாஸ்மெய்யர் பீடத்தில் அவை அமர்த்தப்பட்டபோது, கடலில் அதற்கு நிகரான விமான எதிர்ப்பு அமைப்பு அன்று வேறெங்கும் இல்லை எனலாம். போலந்து வாங்கியதோடு நில்லாமல் உரிமம் பெற்று ஸ்டாராசோவிச்சே நகரில் தானே உற்பத்தி செய்தது. பிரித்தானியா 1937இல் பெருந்தொகையாக வாங்கத் தொடங்கிப் பின் உரிமம் பெற்றது. போர் மூண்டபின் ஜெர்மனி கைப்பற்றியவற்றைத் தன் படையில் சேர்த்துக்கொண்டது. ஜப்பான் 1942இல் சிங்கப்பூரில் கிடைத்த பிரித்தானியப் பீரங்கிகளைப் பார்த்துப் படியெடுத்தது. நடுநிலை நாடொன்றின் கண்டுபிடிப்பு இரு தரப்பினரின் கையிலும் இருந்து ஒருவரையொருவர் சுட்டது என்பது சுவீடன் விரும்பிப் பேசும் செய்தி அன்று.

தோட்டாவின் தரம் ஒரு போர்க்கப்பலின் முடிவோடு எப்படிப் பிணைந்திருக்கிறது என்பதை 1941 டிசம்பர் 10ஆம் நாள் மலாயாவின் கிழக்குக் கடலில் நடந்தது காட்டுகிறது. ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்ட பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் கப்பலில் எட்டுக் குழல்களைக் கொண்ட பாம்-பாம் பீரங்கிகள் பல இருந்தன. ஆனால் தாக்குதலின் நடுவே அவை திரும்பத் திரும்பச் சிக்கி நின்றன, ஏனெனில் தோட்டாக்களில் குண்டு உறையிலிருந்து கழன்று பொறியை அடைத்துக்கொண்டது. அதே கப்பலின் பின்தளத்தில் தனியாக நிறுவப்பட்டிருந்த ஒரே ஒரு போஃபர்ஸ் பீரங்கி அவற்றைவிட நம்பகமாகச் சுட்டது. டார்பிடோக்கள் துளைத்த அக்கப்பலை ஒரு போஃபர்ஸ் காப்பாற்றியிருக்க முடியாது. ஆனால் தோட்டா ஆய்வு என்ற சலிப்பூட்டும் கிடங்குப் பணி எவ்வளவு முக்கியமானது என்பதற்கு இதனினும் கசப்பான சான்று கிடைப்பதரிது.

அமெரிக்கா இப்பீரங்கியை அறிந்துகொண்டதிலும் நெதர்லாந்துக்குப் பங்குண்டு. தாய்நாடு ஜெர்மனியின் பிடியில் விழுந்த பின், 1940 ஆகஸ்டில் வான் கின்ஸ்பெர்கன் என்ற நெதர்லாந்துக் கப்பல் டிரினிடாட் கடற்பகுதியில் அமெரிக்கக் கடற்படையினர் முன்னிலையில் அதனைச் சுட்டுக் காட்டியது. உரிம ஒப்பந்தம் 1941 ஜூனில் கையெழுத்தானது. சிக்கல் வரைபடங்களில் தொடங்கியது. சுவீடனின் வரைபடங்கள் மெட்ரிக் அளவில் இருந்ததோடு, கைத்தேர்ச்சி மிக்க பொருத்துநர்களை நம்பி எழுதப்பட்டவையாகவும் இருந்தன. பொருத்தும்போது அரத்தால் தேய்த்துச் சரிசெய்க, பொருத்தும்போது துளையிடுக என்னும் குறிப்புகள் அவற்றில் மலிந்திருந்தன. ஒவ்வொரு பீரங்கியும் தனித்தனிக் கைவினைப் பொருளாக உருவாகும் பட்டறைக்கு அது பொருந்தும். ஒரு பீரங்கியின் உறுப்பு மற்றெந்தப் பீரங்கியிலும் தேய்க்காமல் பொருந்த வேண்டும் என்ற மோட்டார்த் தொழிற்சாலைக்குப் பொருந்தாது. கிறைஸ்லர் நிறுவனத்தார் முழு வடிவத்தையும் தம் அளவு முறையில் மறுபடி வரைந்து, உறுப்புகளின் எண்ணிக்கையையும் செய்முறையையும் எளிமையாக்கி, போர் முடிவதற்குள் ஏறத்தாழ 60,000 பீரங்கிகளை வடித்தெடுத்தனர். போஃபர்ஸின் மேதைமையை எவ்வளவு போற்றினாலும், அதனை ஓர் உலகப் படைக்கலமாக்கியது டெட்ராய்ட் நகரத்துத் தொழிலாளரே என்று கூறுவது மிகையன்று.

1942ஆம் ஆண்டின் நடுவிலிருந்து நீர்க்குளிர்ப்புக் கொண்ட இரட்டைக் குழல், நான்கு குழல் பீடங்கள் அமெரிக்கக் கப்பல்களில் ஏறின. சுடுகருவியோடு குறிக்கருவியும் முன்னேறியது. சார்லஸ் ஸ்டார்க் டிரேப்பர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் வடிவமைத்த சுழல்நோக்கி, இலக்கைத் தொடர்ந்து நோக்கும்போது கருவி எவ்வளவு விரைவாகத் திரும்புகிறது என்பதைக் கொண்டு, எவ்வளவு முன்னே சுட வேண்டும் என்பதைத் தானே கணித்தது. பீரங்கியின் அதிர்விலிருந்தும் புகையிலிருந்தும் விலகி நின்ற ஒருவர் அதைக் கொண்டு குறிபார்க்க, பீடம் மின்விசையால் அவரைப் பின்தொடர்ந்தது. பிரித்தானியத் தரைப்படையில் இதே பணிக்கு அமைந்த கெரிசன் கணிப்பான் துல்லியமானதாயினும், மின்னாக்கியும் வடங்களும் வேண்டிய சுமையாக இருந்ததால் போர்க்களத்தில் எங்கும் பின்தொடர இயலவில்லை.

இவ்வளவு வளர்ந்த அமைப்பின் வரம்பை வெளிப்படுத்தியது 1944 அக்டோபரில் லெய்தே வளைகுடாவில் தொடங்கிய ஜப்பானியத் தற்கொலைத் தாக்குதல். அதுவரை விமான எதிர்ப்புப் பீரங்கியின் பணி, விமானியை அச்சுறுத்தி விலகச் செய்வதாலோ விமானத்தைச் சேதப்படுத்துவதாலோ பாதி நிறைவேறிவிடும். விமானியின் குறி தவறினாலே கப்பல் பிழைத்தது. இறக்கத் துணிந்த விமானியிடம் அச்சுறுத்தல் பயனற்றது, விமானி முன்பே இறந்துவிட்டாலும் பாய்ந்து வரும் விமானம் தன் பாதையிலேயே வந்து மோதும். எனவே விமானத்தைக் காற்றிலேயே துண்டுகளாக உடைக்க வேண்டியிருந்தது. 20 மி.மீ. குண்டுகளால் அது பெரும்பாலும் இயலவில்லை, 40 மி.மீ. இயன்றவரை செய்தது, ஆனால் நேரே பட்டால்தான் வெடிக்கும் குண்டு என்ற அதன் பிறவிக் குறை இப்போது பெரிதாகத் தெரிந்தது. நொடிக்கு 150 மீட்டர் வேகத்தில் பாயும் விமானம் மூன்று கிலோமீட்டரைக் கடக்க 20 நொடி போதும்; அந்த 20 நொடியில் ஒரு குழல் சுடக்கூடியவை ஏறத்தாழ 40 குண்டுகளே, அவற்றில் ஒன்றேனும் உடலைத் தொட்டாக வேண்டும்.

தொடாமலே வெடிக்கும் குண்டு அதற்குள் பிறந்துவிட்டிருந்தது. மெர்ல் டூவி தலைமையில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வகத்தில் உருவான அண்மை வெடிதூண்டி, குண்டின் மூக்கிலேயே ஒரு சிறு வானொலிக் கருவியை வைத்து, விமானத்தில் பட்டுத் திரும்பும் அலையைக் கொண்டு நெருக்கத்தை உணர்ந்து வெடிக்கச் செய்தது. 1943 ஜனவரி 5ஆம் நாள் ஹெலினா என்ற போர்க்கப்பலின் 127 மி.மீ. பீரங்கி இத்தகைய குண்டால் ஒரு ஜப்பானிய விமானத்தை முதன்முறையாக வீழ்த்தியது. ஆனால் அக்காலத்து வானொலிக் கருவி கண்ணாடி வால்வுகளால் ஆனது. சுடும் அதிர்ச்சியைத் தாங்குமாறு அவற்றை எவ்வளவு சுருக்கினாலும், போர்க்காலத்தில் அது அடங்கிய மிகச்சிறிய குண்டு 76 மி.மீ. விட்டமுள்ளதே. 40 மி.மீ. குண்டின் மூக்கில் அதற்கு இடமில்லை. முக்கியமாக இந்தக் காரணத்தால் அமெரிக்கக் கடற்படை, தான் அதுவரை மிகவும் நம்பியிருந்த நான்கு குழல் போஃபர்ஸ் பீடத்தைக் கழற்றிவிட்டு, அதன் இடத்திலேயே அமரக்கூடிய இரட்டைக் குழல் 76 மி.மீ. தானியங்கிப் பீரங்கியை உருவாக்கத் தீர்மானித்தது. அது கப்பலேறுவதற்குள் போர் முடிந்துவிட்டது. எனினும் 1950களில் அமெரிக்கக் கப்பல்களில் 40 மி.மீ. படிப்படியாகப் பின்வாங்கியது. குறையில்லாமல் இயங்கிய ஒரு பீரங்கி, அதன் குண்டுக்குள் ஒரு கருவி நுழையவில்லை என்பதற்காக ஓரம் கட்டப்பட்டதற்கு இதுவே தெளிவான எடுத்துக்காட்டு.

சுவீடன் அந்த முடிவை ஏற்கவில்லை. தாரை விமானங்களின் காலத்துக்கு ஈடுகொடுக்க அது வேகத்தை நம்பியது. 1947 அளவில் வடிவம் பெறத் தொடங்கி 1951இல் படையில் சேர்ந்த எல்/70 பீரங்கியில் குழலும் உறையும் நீண்டன. குண்டின் வேகம் நொடிக்கு 1,000 மீட்டரை எட்டியது. சுடும் வேகம் நிமிடத்திற்கு 240 ஆக இரட்டித்தது. உறை நீண்டதால் பழைய எல்/60 தோட்டா இதில் பொருந்தாது, இதன் தோட்டா அதில் பொருந்தாது; ஒரே விட்டம், ஒரே நிறுவனம், ஆயினும் இரு வேறு கிடங்குகள். 1953இல் நேட்டோ இதனைத் தன் பொதுப் படைக்கலங்களுள் ஒன்றாக ஏற்றது. இந்தியத் தரைப்படையின் வான்பாதுகாப்புப் பிரிவுகளுக்கும் 1960களில் எல்/70 வந்து சேர்ந்தது. பழைய எல்/60ஓ முற்றிலும் மறையாமல், வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்காவின் ஏசி-130 விமானங்களின் பக்கவாட்டில் ஏற்றப்பட்டு, வானைச் சுடப் பிறந்த பீரங்கி வானிலிருந்து தரையைச் சுடும் விந்தையான இரண்டாம் வாழ்வைப் பெற்றது.

வேகம் மட்டும் போதாது என்பதை ஏவுகணை காட்டியது. கப்பலை நோக்கி அலைமட்டத்தில் வரும் ஏவுகணை விமானத்தைவிடச் சிறியது. நேரடி அடியை நம்பியிருப்பது வீண். இந்தக் கட்டத்தில், கண்ணாடி வால்வின் இடத்தைச் சிலிக்கான் சில்லு பிடித்ததால், முப்பது ஆண்டுகளாக மூடியிருந்த கதவு திறந்தது. 1970களின் நடுப்பகுதியில் போஃபர்ஸ் அண்மை வெடிதூண்டி பொருத்திய 40 மி.மீ. குண்டைக் கொண்டுவந்தது. சுவரும் மாற்றம் பெற்றது: வெடிக்கும்போது உருக்கு எப்படிச் சிதறுமோ என்று விட்டுவிடாமல், நூற்றுக்கணக்கான டங்ஸ்டன் மணிகளைச் சுவரிலேயே முன்கூட்டிப் பதித்தனர். டங்ஸ்டன் இரும்பைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு அடர்த்தியானது என்பதால், சிறு மணியும் காற்றில் வேகம் குன்றாமல் சென்று துளைக்கிறது. ஒரு கிலோவுக்கும் குறைந்த அதே குண்டு, இப்போது தன்னைச் சுற்றிய சில மீட்டர் வெளியையும் தன் இலக்காக்கிக்கொண்டது.

1990களில் உருவான அடுத்த வகைக் குண்டு ஆறு விதமாகச் செயல்படக்கூடியது. வானில் நெருங்கியதும் வெடிப்பதா, குறித்த தொலைவில் வெடிப்பதா, மோதியதும் வெடிப்பதா, சுவரைத் துளைத்த பின் வெடிப்பதா என்பதை, சுடுவதற்குச் சற்று முன் பீரங்கியின் கணினியே குண்டுக்குச் சொல்லிவிடுகிறது. விமான எதிர்ப்புக்கும் கவசத்திற்கும் பதுங்குகுழிக்கும் தனித்தனித் தோட்டா சுமக்க வேண்டிய தேவை இதனால் குறைந்தது. சுவீடனின் காலாட்படைக் கவச வாகனம் 1993இல் படையில் சேர்ந்தபோது, பிற நாடுகள் பல 20 முதல் 30 மி.மீ. அளவோடு நின்றிருக்க, அது 40 மி.மீ. எல்/70 பீரங்கியைத் தலைகீழாகப் பொருத்திக்கொண்டது. தோட்டா கீழிருந்து ஏறவும் வெற்றுறை கூரை வழியே வெளியேறவும் செய்த ஏற்பாடு அது. உள்ளே அமர்ந்திருக்கும் வீரரின் மடியில் சூடான உறை விழாது. இந்தத் துணிவான தேர்வைப் பலர் மிகையென்று அன்று கருதினர். பிற நாட்டுக் கவச வாகனங்களின் சுவர் தடிக்கத் தடிக்க, அது முன்னறிவாகவே மாறிவிட்டது.

மலிவான ஆளில்லா விமானங்கள் வந்த பின் இவ்வகைப் பீரங்கிகளின் மதிப்பு மீண்டும் ஏறியிருக்கிறது, ஏனெனில் ஒரு ட்ரோனை வீழ்த்த அதனினும் பன்மடங்கு விலையுள்ள ஏவுகணையைச் செலவிடுவது எந்தக் கருவூலத்தாலும் நெடுநாள் தாங்கக்கூடியதன்று. பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் மின்விசை இயக்கமும் வெப்பப் படக்கருவியும் லேசர் தொலைவுமானியும் பொருத்திப் புதுப்பித்த எல்/70 பீரங்கிகள் இந்தியப் படையில் உள்ளன. 2025 மே மாதத்தில் எல்லையைக் கடந்து வந்த ட்ரோன்களுக்கு எதிராக எல்/70, சூ-23, ஷில்கா ஆகிய பீரங்கிகள் பயன்படுத்தப்பட்டதாகப் படைத்தரப்பு அறிவித்தது.

ஆனால் பீரங்கி இருப்பதும் தோட்டா இருப்பதும் ஒன்றல்ல. 2022இல் ஜெர்மனி தன் பழைய கெபார்டு விமான எதிர்ப்பு வாகனங்களை உக்ரைனுக்கு அளிக்க முன்வந்தபோது, அவற்றின் 35 மி.மீ. ஓர்லிகான் பீரங்கிகளுக்குரிய 12,400 தோட்டாக்களை மறு ஏற்றுமதி செய்ய, அவற்றை வார்த்த சுவிட்சர்லாந்து தன் நடுநிலைக் கொள்கையைக் காட்டி இசைவு மறுத்தது. ஜெர்மனியின் ரைன்மெட்டால் நிறுவனம் உன்டர்லூஸ் என்ற ஊரில் அத்தோட்டாவுக்கெனப் புதிய உற்பத்தி வரிசையை அமைத்து, 2023 செப்டம்பரில் முதல் தொகுதியை அனுப்ப வேண்டியதாயிற்று. அந்த 35 மி.மீ. தோட்டா, குழல்வாயைக் கடக்கும் கணத்தில் பீரங்கியாலேயே வேகம் அளக்கப்பட்டு வெடிநேரம் குறிக்கப்படும் குண்டாக வளர்ந்த விவரம் ஓர்லிகானைப் பற்றிய அடுத்த இயலில் இடம்பெறும்.